நனைந்த தானியம் எங்கே? நிறுவனங்களின் 'பசுமை' அறிக்கைகளை வாசிக்கும் முறை

நோன்பு மாதம் பிறந்தால் எமது ஊர்களுக்கு உலருணவுப் பொதிகளும் கம்பனிப் பதாகைகளும் சேர்ந்தே வருகின்றன. ஜூன் 5, உலக சுற்றாடல் தினம் வந்தால் மரக்கன்றுகள். பத்திரிகையைத் திறந்தால் ஏதோவொரு கம்பனி 'நிலைபேறான வர்த்தகத்துக்கான' விருது பெற்ற முழுப்பக்க விளம்பரம். கடையில் தரும் பையில்கூட 'சுற்றாடலுக்கு நேசமானது' என்று ஒரு பச்சை இலை. நிலைபேறு, கூட்டாண்மை சமூகப் பொறுப்பு ஆகிய இரண்டு சொற்களும் இன்று வங்கி, ஆடைத் தொழிற்சாலை, தேயிலைக் கம்பனி, தொலைபேசி நிறுவனம் என எல்லோரினதும் வாயில் இருக்கின்றன. உயர்தர வணிகக் கல்வி மாணவர்கள் பரீட்சைக்காக இவற்றை மனனம் செய்கிறார்கள். ஆனால் ஒரு கம்பனி தன்னைப் பற்றிச் சொல்வதை எப்படி வாசிப்பது, எங்கே நிறுத்திக் கேள்வி கேட்பது என்பதை எவரும் எமக்குச் சொல்லித் தருவதில்லை.

இவையெல்லாம் பொய் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. பல கம்பனிகள் உண்மையாகவே நல்ல காரியங்கள் செய்கின்றன. எது உண்மை, எது அரை உண்மை, எது வெறும் அலங்காரம் என்று பிரித்தறிய ஒரு சாதாரண வாசகனுக்கு வழி இருக்கிறது. அதைப் பற்றியே இங்கு பேசுகிறேன்.

ஸஹீஹ் முஸ்லிமில் அபூ ஹுரைரா (ரழி) அவர்கள் வழியாக வரும் ஒரு சம்பவத்தை ஜும்ஆ மேடைகளில் பல தடவை கேட்டிருப்போம். நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். மேலே காய்ந்திருந்த குவியலின் உள்ளே ஈரம். இது என்ன என்று வியாபாரியிடம் கேட்க, மழையில் நனைந்துவிட்டது என்றார் அவர். மக்கள் பார்க்கும்படியாக நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றார்கள். அந்த வியாபாரி வாயால் ஒரு பொய்யும் சொல்லவில்லை. கேட்டவுடன் உண்மையை ஒப்புக்கொண்டார். மேலே இருந்த தானியமும் நல்ல தானியமே. ஆனால் எதை மேலே வைப்பது, எதை அடியில் வைப்பது என்று அவர் தெரிவு செய்திருந்தார். இன்றைய நிறுவனங்களின் நிலைபேற்று அறிக்கைகளில் உள்ள பிரச்சினையும் பெரும்பாலும் இதுதான். அப்பட்டமான பொய் குறைவு. அடுக்கி வைக்கும் முறையில்தான் விடயம் இருக்கிறது.

இந்தப் பேச்சு எப்போது தொடங்கியது?

வியாபாரத்தின் ஒரே சமூகப் பொறுப்பு சட்டத்துக்கு உட்பட்டு இலாபத்தைப் பெருக்குவதுதான் என்று அமெரிக்கப் பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன் 1970இல் நியூயோர்க் டைம்ஸ் சஞ்சிகையில் எழுதினார். அக்கருத்துக்கு எதிராக வளர்ந்த சிந்தனைதான் இன்று பாடப்புத்தகங்களில் இருக்கிறது. 1987இல் ஐக்கிய நாடுகள் ஆணைக்குழு ஒன்று, நோர்வேயின் புரூண்ட்லாண்ட் அம்மையார் தலைமையில் வெளியிட்ட அறிக்கை, நிலைபேறான அபிவிருத்தி என்பதற்கு ஒரு வரைவிலக்கணம் தந்தது: இன்றைய தேவையை நிறைவேற்றும்போது வருங்காலச் சந்ததியின் தேவையைப் பறிக்காமல் இருத்தல். 1994இல் ஜோன் எல்கிங்டன், இலாபத்தோடு மனிதர்களையும் பூமியையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும் என்றார்.

ஆனால் கம்பனிகள் அறிக்கை எழுதத் தொடங்கியது கருத்துகளால் மட்டுமல்ல. 1989 மார்ச் மாதம் எக்ஸொன் வல்டீஸ் என்ற கப்பல் அலாஸ்காக் கரையில் மோதி சுமார் 1 கோடி 10 இலட்சம் கலன் எண்ணெயைக் கடலில் கொட்டியது. அதன் பிறகுதான் முதலீட்டாளர்களும் சுற்றாடல் அமைப்புகளும் சேர்ந்து, சுற்றாடல் விடயத்தில் கம்பனிகள் பகிரங்கமாகக் கணக்குக் காட்ட வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தன. அந்த முயற்சியிலிருந்து 1997இல் ஜீஆர்ஐ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் உலகளாவிய அறிக்கையிடல் அமைப்பு உருவாகி, 2000ஆம் ஆண்டில் முதலாவது வழிகாட்டியை வெளியிட்டது. இலங்கைக் கம்பனிகள் பலவற்றின் ஆண்டறிக்கையின் கடைசிப் பக்கங்களில் காணப்படும் ஜீஆர்ஐ அட்டவணை அங்கிருந்து வந்தது. அறிக்கையிடலின் பிறப்பே ஒரு விபத்திலிருந்துதான் என்பதை நினைவில் வைத்தால், ஒரு கம்பனியின் 100 பக்க அறிக்கையில் ஒரு விபத்துக்கூட, ஒரு முறைப்பாடுகூட இல்லாவிட்டால் ஏன் சந்தேகப்பட வேண்டும் என்பது விளங்கும்.

2015இல் ஐ.நா. 17 நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளை ஏற்றுக்கொண்டது. அந்த 17 வண்ணச் சதுரங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இன்று அவற்றை அறிக்கையில் ஒட்டுவதற்கு எவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை என்ற நிலைமைதான் உள்ளது. ஒரு கம்பனி பாடசாலைக்கு 20 கொப்பிகள் கொடுத்துவிட்டு 'தரமான கல்வி' என்ற 4ஆம் இலக்கத்தை ஒட்டிக்கொள்ளலாம். அந்த இலக்குகளுக்குக் கீழே 169 உப இலக்குகள் இருக்கின்றன. அவற்றில் எதை, எந்த அளவுக்கு என்று சொல்லாத வண்ணச் சதுரம் வெறும் சித்திரம்.

'பசுமைப் பூச்சு' என்று நாம் தமிழில் சொல்லும் சொல் 1986இல் பிறந்தது. ஜே வெஸ்டர்வெல்ட் என்ற அமெரிக்க சுற்றாடலியலாளர், ஹோட்டல் அறைகளில் 'பூமியைக் காக்க துவாயை மீண்டும் பாவியுங்கள்' என்று வைத்திருக்கும் அட்டையைக் கண்டு அச்சொல்லை உருவாக்கினார். துவாய் கழுவும் செலவு மிச்சமாவது ஹோட்டலுக்கு. அதே ஹோட்டல் வேறு வழிகளில் சூழலைக் கெடுப்பது பற்றி அட்டையில் ஒன்றுமில்லை. இன்றும் எமது நாட்டு ஹோட்டல்களின் குளியலறையில் அந்த அட்டை இருக்கிறது.

சான்றிதழ் இருந்தும் எரிந்த தொழிற்சாலை

கராச்சியின் பல்தியா பகுதியில் அலி என்டர்பிரைசஸ் என்ற ஆடைத் தொழிற்சாலை இருந்தது. ஜேர்மனியின் மலிவு விலை ஆடைக் கம்பனி ஒன்றுக்கு அங்கிருந்து ஜீன்ஸ் போனது. 2012 ஆகஸ்ட் மாதம் அத்தொழிற்சாலைக்கு எஸ்ஏ 8000 என்ற சர்வதேச சமூகப் பொறுப்புச் சான்றிதழ் கிடைத்தது. ஊழியர் பாதுகாப்பு, வேலை நேரம், சிறுவர் தொழில் இன்மை எல்லாவற்றையும் பரிசோதித்ததாகச் சொல்லும் சான்றிதழ் அது. சில வாரங்களில், செப்டம்பர் 11ஆம் திகதி, அந்தக் கட்டடம் தீப்பற்றியது. யன்னல்களுக்குக் கம்பி போடப்பட்டிருந்தது, வெளியேறும் வாசல்கள் பூட்டிக் கிடந்தன. 250க்கும் அதிகமான தொழிலாளர்கள் உள்ளே சிக்கி இறந்தார்கள். தீ வைக்கப்பட்டது என்று பின்னர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீயை யார் வைத்திருந்தாலும், வாசல் திறந்திருந்தால் அவ்வளவு பேர் இறந்திருக்கமாட்டார்கள்.

அடுத்த வருடம் ஏப்ரல் 24ஆம் திகதி, பங்களாதேஷின் சாவாரில் ரானா பிளாஸா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். அதற்குள் இருந்த சில தொழிற்சாலைகளும் மேற்கத்தேயக் கொள்வனவாளர்களுக்காகச் சமூகக் கணக்காய்வு செய்யப்பட்டவைதான். கணக்காய்வாளர்கள் சம்பளப் புத்தகத்தைப் பார்த்தார்கள், வேலை நேரத்தைப் பார்த்தார்கள். கட்டடத்தின் தூண் தாங்குமா என்று பார்ப்பது தமது வேலையல்ல என்பது அவர்களது நிலைப்பாடு. அதுவரை ஒவ்வொரு பெரிய கம்பனியின் அறிக்கையிலும் 'எமது விநியோகத் தொழிற்சாலைகள் கணக்காய்வு செய்யப்பட்டவை' என்ற வரி இருந்தது. அந்த வரி பொய்யல்ல. ஆனால் இறந்தவர்களுக்கு அதனால் எந்தப் பயனும் இருக்கவில்லை. பின்னர் கொள்வனவாளர்களும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து செய்துகொண்ட உடன்படிக்கை சட்டப்படி கட்டுப்படுத்தக்கூடியதாக இருந்ததால்தான் அங்குள்ள கட்டடங்கள் உண்மையில் திருத்தப்பட்டன.

எங்கள் நாட்டின் ஆடைத் துறை இந்த விடயத்தில் பங்களாதேஷை விடவும் பாகிஸ்தானை விடவும் நல்ல நிலையில் இருந்தது, இருக்கிறது. அதை மறைக்கத் தேவையில்லை. 2006இல் எமது ஆடை ஏற்றுமதியாளர்கள் 'குற்ற உணர்வு இல்லாத ஆடைகள்' என்ற பொருளில் ஒரு சர்வதேசப் பிரசாரத்தைத் தொடங்கினார்கள். சிறுவர் தொழில் இல்லை, கட்டாய உழைப்பு இல்லை, பாகுபாடு இல்லை என்பதே அதன் செய்தி. 2008இல் துல்ஹிரியவில் மாஸ் நிறுவனமும் சீதுவையில் பிரண்டிக்ஸ் நிறுவனமும் பசுமைக் கட்டடங்களுக்கான லீட் பிளாட்டினம் தரத்தைப் பெற்ற தொழிற்சாலைகளை நடத்தத் தொடங்கின. உலகமே பார்த்த சாதனை அது. ஆனால் லீட் என்பது கட்டடத்தை அளக்கும் கோல். மின்சாரம், நீர், காற்றோட்டம், வெளிச்சம் ஆகியவற்றுக்கு அது புள்ளி போடும். அதே கட்டடத்துக்குள் தைக்கும் பெண்பிள்ளையின் சம்பளம் கட்டுநாயக்கவில் ஓர் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் ஊருக்கு அனுப்பவும் போதுமா, அவள் தொழிற்சங்கத்தில் சேரலாமா என்பதற்கு அந்தக் கோல் பதில் சொல்லாது. தொழிற்சங்கங்கள் பல வருடங்களாகக் கேட்டுவந்த கேள்விகள் இவை இரண்டும்தான். பிரசாரத்தின் வாசகங்களில் இவையிரண்டுக்கும் முதலிடம் இருக்கவில்லை.

தேயிலைக்கும் இது பொருந்தும். பொதியில் பச்சைத் தவளை முத்திரை இருக்கும். மலையகத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல்தான் 1,000 ரூபாவானது, 2024இல் 1,350 ரூபாவானது என்ற விபரம் எந்தப் பொதியிலும் இருக்காது.

கடலில் விழுந்த மணிகள்

2021 மே 20ஆம் திகதி கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பலில் தீப்பிடித்தது. 1,486 கொள்கலன்கள். அவற்றில் 25 தொன் நைத்திரிக் அமிலம். சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள். கசியும் அமிலக் கொள்கலனை இறக்க கட்டாரிலும் இந்தியாவிலும் துறைமுகங்கள் மறுத்த பின்னரே அது எம்மிடம் வந்தது. ஜூன் 2ஆம் திகதி கப்பல் மூழ்க ஆரம்பித்தது. நீர்கொழும்பிலிருந்து தெற்கு நோக்கிய கரையெங்கும் வெள்ளை மணிகள் பனி போலக் குவிந்தன. இறந்த ஆமைகள் ஒதுங்கின. மீன் பிடிக்கத் தடை வந்தது. மீனைத் தின்னலாமா என்ற பயத்தில் மீன் சந்தையே படுத்தது. நஷ்டப்பட்டவர்களில் எல்லா இனத்தவரும் இருந்தார்கள்; கடல் இனம் பார்ப்பதில்லை.

கப்பலை இயக்கிய நிறுவனத்தின் தலைவர் அடுத்த சில வாரங்களில் இலங்கை மக்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். நிறுவனம் தொடர்ந்து அறிவிப்புகள் வெளியிட்டது. தொடர்பாடல் பாடத்தில் 'நெருக்கடிகாலத் தொடர்பாடல்' என்ற அலகில் சொல்லப்படும் எல்லாம் அதில் இருந்தது: உடனடி அறிவிப்பு, வருத்தம், ஒத்துழைப்பு. 2025 ஜூலை 24ஆம் திகதி எமது உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்துமாறு உத்தரவிட்டது. செப்டம்பரில் அதே தலைவர், அந்தத் தொகையைச் செலுத்தப் போவதில்லை என்று வெளிநாட்டுச் செய்தி நிறுவனமொன்றுக்குக் கூறினார். அவர்கள் தரப்பில் கப்பற் சட்டம் சார்ந்த நியாயங்கள் சொல்லப்படுகின்றன. அது நீதிமன்றங்களின் வேலை. நான் கவனிக்கச் சொல்வது மன்னிப்புக்கும் கொடுப்பனவுக்கும் இடையிலுள்ள நான்கு வருடங்களை. 'பொறுப்பேற்கிறோம்' என்ற சொல்லை ஒரு நிறுவனம் பாவிக்கும்போது அது சட்டப் பொறுப்பையா, வெறும் அனுதாபத்தையா குறிக்கிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான அறிவிப்புகள் இரண்டாவதைச் சொல்லி, முதலாவதைப் போல ஒலிக்கும்படி எழுதப்படுகின்றன.

எமக்கு ஏற்கெனவே தெரிந்த கேள்விகள்

ஒரு முத்திரையைப் பார்த்து கேள்வி கேட்கும் பழக்கம் வேறு எவரையும் விட முஸ்லிம்களாகிய எமக்கு உண்டு. ஹலால் முத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கண்டவுடன் எமது வீட்டுப் பெண்கள்கூட கேட்பது: யார் கொடுத்தது? காலாவதியாகிவிட்டதா? இந்த உற்பத்திக்கா, கம்பனியின் வேறொரு உற்பத்திக்கா? 2013இல் ஹலாலுக்கு எதிரான பிரசாரம் கிளம்பி, அகில இலங்கை ஜம்இய்யதுல் உலமா அப்பணியிலிருந்து விலகி, சான்றுப்படுத்தலுக்கென ஒரு தனியான நிறுவனம் ஏற்பட்ட அந்தக் காலத்தில் சான்றிதழ் என்பது என்ன, யார் பரிசோதிப்பது, செலவு யாருடையது என்று நாடே விவாதித்தது. அந்த விவாதத்தில் எமக்கு வலி அதிகம். ஆனால் சான்றிதழ்களைப் பற்றி இவ்வளவு கற்ற சமூகம் வேறில்லை. அந்தக் கேள்விகளைப் பச்சை இலை முத்திரையிடமும் கேட்டால் போதும்.

'ஐஎஸ்ஓ 26000 சான்றிதழ் பெற்றது' என்று யாராவது விளம்பரம் செய்தால் உடனே சந்தேகியுங்கள். 2010இல் வெளியான ஐஎஸ்ஓ 26000 சமூகப் பொறுப்புக்கான வழிகாட்டி மட்டுமே. அதற்குச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடே இல்லை. 'சீஎஃப்சி அற்றது' என்று ஸ்பிரே போத்தலில் இருந்தால் மகிழத் தேவையில்லை. 1987 மொன்ட்ரியல் உடன்படிக்கையின் விளைவாக அவ்வாயு ஏற்கெனவே தடை செய்யப்பட்ட ஒன்று. கொலஸ்ட்ரோல் அற்ற தேங்காய் எண்ணெய் என்று விற்பது போலத்தான் இது. தேங்காயில் எப்போது கொலஸ்ட்ரோல் இருந்தது? 2007இல் டெராச்சொய்ஸ் என்ற நிறுவனம் வட அமெரிக்கக் கடைகளில் பச்சை வாசகம் கொண்ட 1,018 பொருட்களைப் பரிசோதித்தது. ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஆதாரமற்ற, தெளிவற்ற அல்லது சம்பந்தமற்ற ஏதாவதொரு வாசகம் இருந்தது.

அறிக்கையின் இலக்கங்களில் இன்னும் நுட்பமான விடயம் உண்டு. இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினால் பத்தாம் வகுப்பு மாணவனுக்கும் விளங்கும். ஒரு தொழிற்சாலை ஒரு சட்டைக்கு 100 லீற்றர் நீர் பாவித்து 1,000 சட்டை செய்கிறது என்று வைப்போம். மொத்தம் 100,000 லீற்றர். அடுத்த வருடம் ஒரு சட்டைக்கு 80 லீற்றராகக் குறைத்து 2,000 சட்டை செய்கிறது. மொத்தம் 160,000 லீற்றர். அறிக்கை சொல்வது: 'நீர்ப் பாவனையை 20 வீதம் குறைத்தோம்.' பக்கத்துக் கிராமத்தின் கிணறு சொல்வது வேறு. இரண்டும் உண்மை. ஆகவே குறைப்பு என்று கண்டால், ஓர் அலகுக்கா, மொத்தமாகவா என்று பாருங்கள். எந்த வருடத்தோடு ஒப்பிடுகிறார்கள் என்றும் பாருங்கள். 2020ஐ அடிப்படை வருடமாக எடுத்தால், கொரோனாவால் தொழிற்சாலை மூடிக் கிடந்த வருடத்தோடு ஒப்பிடுகிறார்கள்.

காபன் கணக்கும் அப்படியே. 2001இல் வெளிவந்த சர்வதேச முறைப்படி, கம்பனி தானே எரிக்கும் எரிபொருள் முதலாம் பிரிவு. வாங்கும் மின்சாரம் இரண்டாம் பிரிவு. அதன் மூலப்பொருள், போக்குவரத்து, விற்ற பொருளின் பாவனை எல்லாம் மூன்றாம் பிரிவு. அநேகமான வியாபாரங்களில் பெரும்பங்கு மூன்றாம் பிரிவில்தான். ஒரு வங்கி கிளைகளின் கூரையில் சூரியத் தகடு பொருத்தி, காகிதப் பாவனையைக் குறைத்து, அதைப் படமாகப் போடும். ஆனால் வங்கியின் உண்மையான தாக்கம் கூரையில் இல்லை. அது யாருக்கு, எந்தத் தொழிலுக்குக் கடன் கொடுக்கிறது என்பதில் இருக்கிறது. அந்தப் பக்கத்தைத் தேடிப் பாருங்கள்.

இன்னொன்று, அறிக்கையின் இறுதியிலுள்ள சுயாதீன உறுதிப்படுத்தல் கடிதம். நிதிக் கணக்குகளைக் கணக்காய்வாளர் பரிசோதித்து 'உண்மையும் நியாயமுமான' நிலையைக் காட்டுகின்றன என்பார். நிலைபேற்றுத் தகவல்களுக்குப் பெரும்பாலும் 'வரையறுக்கப்பட்ட உறுதி' மட்டுமே தரப்படும். 'பிழை என்று நம்பும்படியாக எதுவும் எமது கவனத்துக்கு வரவில்லை' என்ற தொனியில் அது எழுதப்பட்டிருக்கும். பார்த்த அளவில் ஒன்றும் தென்படவில்லை என்பதற்கும் சரி என்று சொல்வதற்கும் தூரம் அதிகம். எந்தெந்தத் தகவல்களைப் பார்த்தார்கள் என்ற பட்டியலும் அக்கடிதத்தில் இருக்கும். 50 விடயங்களில் ஐந்தை மட்டும் பார்த்திருக்கவும் கூடும்.

நிலைமை மாறிவருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2023இல் வெளியான சர்வதேச நிலைபேற்று அறிக்கையிடல் நியமங்களை இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் ஏற்று, 2025 ஜனவரி முதல் ஆரம்பமாகும் நிதியாண்டுகளிலிருந்து, கொழும்பு பங்குச் சந்தையின் முதல் 100 கம்பனிகளுடன் தொடங்கி, படிப்படியாக நடைமுறைப்படுத்துகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய சட்டப்படி, ஆதாரமின்றி 'சுற்றாடல் நேசமானது' என்று பொதுவாக எழுதுவது 2026 செப்டம்பர் 27 முதல் அங்கு தடை. ஐரோப்பாவுக்கு ஆடையும் தேயிலையும் அனுப்பும் எமது கம்பனிகள் அங்கே ஒரு வாசகமும் இங்கே ஒரு வாசகமும் பாவிக்குமா என்று பார்ப்பதற்கு நான் ஆவலாக இருக்கிறேன்.

கொடுப்பதும் காட்டுவதும்

நான் கற்பித்த ஒரு பாடசாலைக்கு ஒரு கம்பனி மரம் நட வந்தது. பதாகை, தொப்பி, புகைப்படக் கலைஞர், சிற்றுண்டி. பிள்ளைகளை வெயிலில் ஒன்றரை மணித்தியாலம் நிறுத்தினார்கள். அந்த வருடக் கோடையில் கன்றுகள் கருகின. எவரும் திரும்பி வரவில்லை. நட்ட கன்றுகளின் எண்ணிக்கை அறிக்கையில் ஏறியிருக்கும். உயிரோடு இருக்கும் மரங்களின் எண்ணிக்கைக்கு அங்கே நிரல் கிடையாது. இதே பாடசாலைக்கு வேறொரு நிறுவனம் மலசலகூடம் கட்டித் தந்து, வருடா வருடம் ஆள் அனுப்பித் திருத்தியும் கொடுத்தது. சுவரில் ஒரு சிறிய பெயர்ப்பலகை மட்டும் இருந்தது. பெயர் போடுவது குற்றமல்ல. இரகசியமாகக் கொடுப்பது சிறந்தது என்று அல்குர்ஆன் சொல்லும் அதேயிடத்தில், பகிரங்கமாகக் கொடுப்பதையும் நல்லதென்றே சொல்கிறது. சொல்லிக் காட்டியும் நோவினை செய்தும் தர்மத்தைப் பாழாக்குவதைத்தான் தடுக்கிறது. ஒரு விதவைத் தாயை அரிசிப் பையோடு பதாகைக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்து முகநூலில் போடுவது எந்த வகை என்பதை உலமாக்கள் தெளிவாகச் சொல்ல வேண்டும். இதில் கம்பனிகளை மட்டும் குறைசொல்லவும் முடியாது. எமது நலன்புரிச் சங்கங்களும் இதைத்தான் செய்கின்றன.

பணத்தின் அளவு பற்றியும் கேட்கலாம். இந்தியாவில் 2013ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பனிகள் முந்தைய மூன்று வருட சராசரி நிகர இலாபத்தில் 2 வீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். இலங்கையில் அப்படியொரு கட்டாயம் இல்லை, விரும்பினால் செய்யலாம். ஆகவே ஒரு கம்பனி ஒரு கோடி ரூபா கொடுத்தது என்றால், அதன் அந்த வருட இலாபம் எத்தனை கோடி, அந்தச் செய்தியை விளம்பரம் செய்ய எவ்வளவு செலவிட்டது என்று பார்ப்பது அநியாயமல்ல. எமது முஸ்லிம் வர்த்தகர்களுக்கு இதில் இன்னொரு விடயம். ஸகாத் ஏழையின் உரிமை. அதைக் கம்பனியின் பெயரில் சமூகப் பொறுப்புத் திட்டமாக விளம்பரப்படுத்துவது, கடனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அன்பளிப்பு என்று சொல்வதற்கு ஒப்பானது என்பது என் கருத்து. அதே நேரம் ஊழியருக்குச் சம்பளம் பிந்துகிறது, சேமலாப நிதி கட்டப்படவில்லை, கழிவுநீர் கானுக்குள் போகிறது என்றால், நோன்புப் பொதி எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் குவியலின் உள்ளே ஈரம்தான்.

கையில் உள்ள வழிகள்

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட எந்தக் கம்பனியின் ஆண்டறிக்கையும் சந்தையின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 200, 300 பக்கங்கள் இருக்கும், அதுவும் ஆங்கிலத்தில். முழுவதும் வாசிக்கத் தேவையில்லை. இடர்கள் பற்றிய பகுதி, நிலுவையிலுள்ள வழக்குகள் பற்றிய குறிப்பு, ஊழியர் விலகல் வீதம், உறுதிப்படுத்தல் கடிதம் ஆகிய நான்கையும் பார்த்தால் போதும். தலைவரின் செய்தியையும் படங்களையும் கடைசிக்கு வைக்கலாம். ஏமாற்றும் வாசகங்களுக்கு எதிராக 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு இருக்கிறது. பழுதான மாவுக்கும் அதிக விலைக்கும் 1977க்கு அழைக்கிறோம். பையில் உள்ள பச்சைப் பொய்க்கு எவரும் அழைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஊருக்குப் பக்கத்தில் தொழிற்சாலை உள்ளவர்களுக்கு அதைவிட முக்கியமானது சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் இந்தப் பத்திரத்தில் கழிவுநீரின் தரம், புகை, சத்தம் பற்றிய நிபந்தனைகள் எழுதப்பட்டிருக்கும். காலாவதித் திகதியும் உண்டு. பெரிய திட்டம் வருவதற்கு முன் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை 30 நாட்களுக்குப் பொதுமக்களின் கருத்துக்காகத் திறந்து வைக்கப்படும். புத்தளத்து மக்கள் அருவக்காட்டுக் குப்பைத் திட்டத்துக்கு எதிராக 2018, 2019இல் வீதியில் இறங்கிய காலத்தில், திட்ட ஆவணங்களை வாசித்து விளக்கக்கூடியவர்களின் பெறுமதியை உணர்ந்தார்கள். அந்த 30 நாட்களுக்குள் அறிக்கையை வாசித்து எழுத்தில் ஆட்சேபிக்கக்கூடிய பத்துப் பேராவது ஒவ்வோர் ஊரிலும் இருக்க வேண்டும். விஞ்ஞான ஆசிரியர்களும் பல்கலைக்கழக மாணவர்களும் ஊரில் இருக்கிறார்கள்தானே.

தனியார் கம்பனியிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நேரடியாகக் கேட்பது பெரும்பாலும் முடியாது. ஆனால் அனுமதிப்பத்திரத்தை வழங்கிய அரச நிறுவனத்திடம் கேட்கலாம். அது மத்திய சுற்றாடல் அதிகாரசபையாக இருக்கலாம், சிறு தொழில்களுக்கு உங்கள் பிரதேச சபையாக இருக்கலாம். புத்தளம், குருநாகல் மாவட்டங்களுக்கு வடமேல் மாகாணத்தின் தனியான சுற்றாடல் அதிகாரசபை இருக்கிறது. விண்ணப்பத்தில் மூன்று விடயம் கேளுங்கள்: அனுமதிப்பத்திரத்தின் பிரதி, கடைசியாகச் செய்த நீர்ப் பரிசோதனையின் பெறுபேறு, கிடைத்த முறைப்பாடுகளும் எடுத்த நடவடிக்கையும். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவை அறிவிக்க வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதற்கும் பின்னர் ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். கிடைக்கும் பரிசோதனைப் பெறுபேற்றை அதே கம்பனியின் ஆண்டறிக்கையில் 'நீர்' என்ற தலைப்புக்குப் பக்கத்தில் வைத்து வாசியுங்கள்.